அதிர்வுக்குக் காரணம் என் கால்கள்

பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடி வால்வை ஒரு தட்டுத் தட்டினால், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல ஸ்பீக்கரிலிருந்து "ணங்" என்று வரும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது மைசூரில் எங்கள் வீட்டில் தினமும் காலையில் முதலில் கேட்கும் சத்தம் அதுதான். வங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா பல் தேய்ப்பதற்கு முன்பே வால்வுகளைத் தட்டிப் பார்ப்பார்.

ஊரெல்லாம் சின்னப் பாட்டுப்பெட்டிகளுக்கு மாறிவிட்ட காலத்தில், அவர் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். பல்பு போலச் சிவந்து எரியும் அந்தக் கண்ணாடி வால்வுக்குள் மயிரிழை போன்ற கம்பிகள் இருக்கும். வெளியே ஏதாவது அதிர்ந்தால் அவையும் நடுங்கும், அந்த நடுக்கம் பாட்டோடு சேர்ந்து பெரிதாகி வெளியே வரும். நாங்கள் வாடகைக்கு இருந்ததோ ஒரு பழைய வீட்டின் மாடி, தரை முழுக்க மரப்பலகை. நான் நடந்தாலே ஸ்பீக்கர் "தும் தும்" என்றது.

அந்த ஆண்டு தசரா நிகழ்ச்சியில் ஆடப் பள்ளியில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள், நானும் ஒருத்தி. வீட்டில் ஆடிப் பழக முன்னறையை விட்டால் வேறு இடமில்லை. "அம்மிணி, சும்னிரு, வால்வு அதிருது" என்பார் அப்பா. கொள்ளேகால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தைக் கலந்துதான் அவருக்கு அதட்ட வரும்.

அதிர்வைக் குறைக்க அவர் செய்யாத வேலையில்லை. என் டென்னிஸ் பந்துகள் இரண்டைப் பாதியாக நறுக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் காலாக வைத்தார். சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி வால்வுகளுக்கு மாட்டினார்; அது சூட்டில் இளகியது. "ஏனுங்க, வீட்டுக்குள்ளயே டயர் கொளுத்துறீங்களா?" என்று அம்மா கேட்டாள். எதுவும் பலிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆட்டப் பயிற்சியில் ஆசிரியை என்னை மட்டும் ஓரமாக உட்காரச் சொன்னார். மகளுக்குக் கணுக்காலில் கோளாறு, ஓடவோ ஆடவோ கூடாது என்று அப்பா கடிதம் கொடுத்திருந்தாராம். குனிந்து என் காலைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் ஏதோ வியாதி வந்துவிட்டது என்று நம்பி, இரண்டு நாள் பயந்து பயந்து நொண்டி நடந்தேன். மூன்றாம் நாள் அழுதுகொண்டே அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, புள்ள காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தசரா முடியற வரைக்கும் வீட்டுல குதிக்காம இருக்கட்டும்."

இவ்வளவுதான் சொன்னார். அதற்குள் என் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வால்வு வாங்கித் தரும் நண்பர், மேலுக்கோட்டை ரகு மாமா, வந்தார். வந்தவர் ஸ்பீக்கர் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கல்சுவர் மாடத்தில் வைத்தார். "எங்க, குதி பாக்கலாம்" என்றார் என்னிடம். பலகை அதிரக் குதித்தேன். ஸ்பீக்கரிலிருந்து சத்தமே இல்லை.

"ஸ்பீக்கர் தலையில வெக்காதேயும்னு போன மாசமே சொன்னேனே ஓய். அது ஆடற ஆட்டம் பூரா வால்வுக்குள்ள போறது. குழந்தை என்ன பண்ணுவா?"

"மாடத்துல வெச்சா வால்வு எரியறது வர்றவங்க கண்ணுக்குத் தெரியாதுங்களே" என்றார் அப்பா.

அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் என் காலை முடமாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா படியிறங்கியதும் ஆம்ப்ளிஃபயர் மறுபடி ஸ்பீக்கரின் தலைமேல் ஏறியது. கடிதம் பள்ளிக் கோப்பிலேயே கிடந்தது. பத்தாம் வகுப்பு வரை விளையாட்டு வகுப்பில் மற்றவர்களுடைய பைகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த வீடு இல்லை. அங்கே லாட்ஜ் நிற்கிறது. ஆம்ப்ளிஃபயர் கருகி, பழைய இரும்போடு போனது. ரகு மாமாவும் இல்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார், போனில் பாட்டுக் கேட்கிறார். போன மாதம் ஒரு காலையில், அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன்.

"வாங்கியிருந்தா நான் பொய் எழுதினது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே அம்மிணி" என்றார்.

சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டார். வைத்தேன்.