இறக்கைக்குத் தகடு ஒட்டுபவர்

“உங்க மாமா நேத்து என்ன சொன்னாரு தெரியுமா,” என்று தொடங்கிய அக்கா மூச்சை அடக்கிக்கொண்டார். விமான இறக்கையின் மேல் சூரிய மின்தகடு ஒன்றை வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். அது ஒட்டிய பிறகுதான் மூச்சும் மீதிப் பேச்சும் வந்தன. “உங்க ஏரோப்பிளேனை என் சைக்கிளே முந்திடுமாம்.” அடுத்த தகடு. “முந்தட்டும்னேன்.” இன்னொன்று. “புகை கக்காம உங்க சைக்கிள் வானத்துல போகுமான்னு கேட்டேன்.”

அக்காவிடம் ஒரு கதை கேட்க நாலு தகடுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள் பட்டறையில். தகடு வெங்காயச் சருகு மாதிரி; பெருமூச்சு பட்டால் நகர்ந்துவிடும்.

இதற்கு முன் பதினோரு வருடம் கைபேசிக் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டினார். ஒரு குமிழி விழுந்ததில்லை. கைபேசியைக் கொடுத்துவிட்டு நின்ற விமானப் பட்டறையின் தலைமைப் பொறியாளர் அந்த விரல்களையே பார்த்திருந்து, கைபேசியை அங்கேயே மறந்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது வேலைக்குக் கூப்பிட்டார்.

முதல் பறப்புக்கு முந்தின நாள் காலை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இறக்கை முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா இடப்பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு தகட்டில் மயிரிழை விரிசல். தான் அவசரத்தில் அழுத்திய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவரே போய்ச் சொன்னார்.

நாளைக் காலையை விட்டால் காற்று அடங்க ஒரு மாதம் ஆகும். மூவாயிரத்தில் ஒன்றுதானே, அதெல்லாம் பறந்துவிடும் என்றார் பொறியாளர்.

“ஒண்ணு சோர்ந்தா அந்த வரிசையே சோர்ந்துடும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. மேல உக்காரப் போறது அந்த ஓட்டுற தம்பி, நானில்ல. வரிசையைப் பிரிக்கிறேன்.”

அக்கா இவ்வளவையும் ஒரே மூச்சில் பேசி அன்றுதான் கேட்டார்கள். பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய பசையைச் சுரண்ட உட்கார்ந்தார். மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை. பொழுது சாயும்போது அந்த வரிசையின் புதுத் தகடுகள் இருபத்தெட்டும் ஒட்டியிருந்தன.

மறுநாள் காலை காற்றில்லை. கணவர் அக்காவைச் சைக்கிளில் வைத்து மைதானத்துக்கு அழைத்து வந்திருந்தார். விமானம் ஓடத் தொடங்கியபோது அக்கா அவரிடம், “சாயங்காலம் வரும்போது,” என்றார். சக்கரங்கள் தரையை விட்டன. விமானம் சத்தமில்லாமல் நாற்பது நிமிடம் மைதானத்தைச் சுற்றியது, இறங்கியது, புல் ஓரம் வரை ஓடி நின்றது.

“அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க,” என்று முடித்தார் அக்கா.