டூபாவுக்காக வாயைப் பூட்டியவர்

ஊர்க்கூட்டத்தில் யார் ஒரு குறையை எடுத்துப் பேசுகிறாரோ, அதைச் சரிசெய்யும் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டுவிடுவார்கள். மெக்சிகோவின் ஒஹாகா மலையில் இருக்கும் சான் லூகாஸ் ஊரின் வழக்கம் அது. ஒரு வருஷம் உழைக்க வேண்டும், சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. அதனால் அங்கே யாரைக் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அப்படிச் சொல்வதில் எலூதேரியோவை மிஞ்ச ஆளில்லை. ரொட்டி சுடுவது அவருக்குப் பிழைப்பு, ஊர் பேண்டில் டூபா ஊதுவது உயிர். குழுவில் மாட்டினால் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஊர் வேலைக்கே போய்விடும். திருவிழாவில் அந்தப் பெரிய பித்தளைக் குழலை வேறு எவனாவது தோளில் மாட்டுவான். அதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவதுபோல் பாவனை செய்வார்.

இந்த நேரம் பார்த்து பள்ளிக்கூடத்தில் சமூகத் தொழில்முனைவு என்று ஒரு பாடம் வந்தது. ஊரில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்கச் சிறுதொழில் ஒன்றுக்குத் திட்டம் போட வேண்டுமாம். நெரெய்தா என்ற மாணவியும் அவள் வகுப்புத் தோழிகளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லா வீட்டிலும் சூடாகச் சாக்லேட் கொடுத்தார்கள். பிரச்சினை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நெரெய்தா தனியாக ரொட்டிக்கடைக்கு வந்தாள். எதையும் கேட்கவில்லை. ரொட்டி ஒன்றைப் பிய்த்தபடி, போகிற போக்கில் சொன்னாள்.

"பக்கத்து ஊர்ல பேசிக்கிறாங்க மாமா. உங்க மேட்டுத்தெருக்காரங்க சுத்த சோம்பேறிங்களாம். தண்ணி வந்தாலும் பிடிக்காம தூங்குறாங்களாம்."

அவ்வளவுதான். எந்தத் தண்ணி, மேட்டுத்தெருவுக்கு அது எப்போ ஏறி வந்தது என்று மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். மேஜையில் பரவிக் கிடந்த மாவிலேயே விரலால் ஊரை வரைந்தார். தண்ணீர்த் தொட்டி இங்கே, துருப்பிடித்த வால்வு இங்கே, கீழ்த்தெருவில் திருட்டுக் குழாய் போட்ட புண்ணியவான்கள் இங்கே, இங்கே, இங்கே. அடுப்பில் ரொட்டி கருகியது. நெரெய்தா நிதானமாக மாவைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிதாகக் காட்டி, வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கித் தண்ணீரை முறைவைத்து விடும் தொழில் தொடங்கலாம் என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். தண்ணீருக்குக் காசா, குழு போட்டால் முடிந்தது என்றார்கள். படம் வரைந்தது யார் என்று ஊர்த்தலைவர் கேட்க, நெரெய்தா பால்வடியும் முகத்தோடு கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

எலூதேரியோ துள்ளி எழுந்தார். "நான் கூட்டத்துல வாயே திறக்கலையே!"

"நீ திறக்கல. உன் மாவு பேசிடுச்சு," என்றார் தலைவர். அவரையே குழுவுக்குத் தலைவராக்க எல்லாக் கைகளும் உயர்ந்தன.

எலூதேரியோவும் சும்மா விடவில்லை. கண்டுபிடித்தவளே செயலாளராக இருக்கட்டும் என்று நெரெய்தாவையும் இழுத்துப் போட்டார். மதிப்பெண் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

திருவிழா ஞாயிறன்று பேண்ட் லாரியில் ஏறிப் போனது. இவர்கள் இருவரும் தொட்டியடியில் சேற்றில் நின்றார்கள். தூரத்தில் எவனோ டூபாவைக் கன்றுக்குட்டி மாதிரி கத்த வைத்துக்கொண்டிருந்தான். எலூதேரியோவுக்கு அழுகை முட்டியது. புது வால்வைத் திருகிக்கொண்டே, எங்களைச் சோம்பேறி என்று சொன்னவன் எவன் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மாமா. இப்படிக் கிளப்பிவிட்டா நீங்க எல்லாத்தையும் கொட்டிடுவீங்கன்னு ஹெர்மெலிந்தா அத்தைதான் சொல்லிக் கொடுத்தாங்க."

ஸ்பானரை வீசிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் மனைவி முற்றத்துக் குழாயடியில் நின்றிருந்தாள். தண்ணீர் தடதடவென்று வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"டூபா போயிடும்னு தெரிஞ்சேதானே செஞ்ச?"

"தெரிஞ்சேதான்," என்றாள் ஹெர்மெலிந்தா. "கல்யாணமான நாள்லேர்ந்து கீழ்த்தெருவுலதான் தண்ணி பிடிச்சுச் சுமக்குறேன். உன் டூபாவுல தண்ணி வந்திருந்தா அந்தப் புள்ளைய நான் ஏன்யா அனுப்பப் போறேன்?"

மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது. நிரம்பிய வாளியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த வாளியோடு வந்தார்.