பெருவிரல் குழி

டீ வடிகட்டியை இரண்டு தட்டு தட்டி, மிச்சமிருந்த சாணக் கரைசலையும் டம்ளருக்குள் இறக்குகிறார் ராஜபாய். அடியில் படிந்ததும் மேல்நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றுவார். நாலு தரம். பிறகு அடிமண்டியில் ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பில். அதன் கண்ணாடி உடைந்து மூன்று வருஷம். வீட்டுக்காரர் முகம் மழிக்கும் கண்ணாடியின் துண்டுதான் இப்போது வெளிச்சம் தருகிறது. மஞ்சளாய் ஒரு புழு முட்டை தட்டுப்பட்டால், "ஏலே, கெடக்கியா அங்க?" என்று அதனிடமே கேட்பார்.

சுசீந்திரத்துப் பக்கம் ஒரு கால்நடைக் கிளைநிலையத்தில் அவர் ஆய்வாளர். வாய்க்கால் நத்தையிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டின் பித்தக் குழாய்க்கும் குடிபோகிற ஈரல் புழுதான் ஜென்ம விரோதி. புழு பெருகினால் மாடு மெலியும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். அங்கே பெருவிரலால் அழுத்துவார். குழி விழுந்து அப்படியே நின்றால் முகம் கறுத்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, வழியே போகிற மாட்டை மறித்து அழுத்திப் பார்ப்பார்.

இந்த மழைக்கு வந்தது ஒரு மாட்டுக்கான ஒரே புட்டி புழு மருந்து. நோய்கண்டவை நாலு. பங்குவைத்துக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. "கொறச்சுக் குடுத்தா அது புழுவுக்குப் பாயசமாக்கும் சார். சாவாது, பழகிக்கிடும். நான் குடுக்கமாட்டேன்." விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'இன்னும் மூன்று புட்டி தேவை' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அவரே போன் போடுகிறார்.

தையல்காரர் டேப்பால் நெஞ்சுச் சுற்றளவு பார்த்து எடையைக் கணக்கிட்டு, முழு மருந்தையும் செல்வதாஸின் செவலைப் பசுவுக்குப் புகட்டினார். அதுதான் சாகக் கிடந்தது. மற்ற மூன்று வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது.

செல்வதாஸுக்கோ நம்பிக்கையே இல்லை. "சாவப்போறதுக்கு எதுக்கு அக்கா மருந்து? களியக்காவிளை வியாபாரிட்ட வாக்கு குடுத்தாச்சு."

"மருந்து குடிச்ச மாட்ட இப்பம் அறுக்கப்பிடாது மக்கா, எறச்சியில மருந்து நிக்கும். ஒரு மாசம் பொறு. அதுக்கு முன்ன கயித்த அவுத்தா, பிறகு எனக்க மொகத்துல முழிக்காண்டாம்."

மாசம் முடிந்த மறுநாளே லாரி வந்து நின்றது. வியாபாரி பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்துவிட்டார். செல்வதாஸ் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். ஸ்கூட்டரை லாரிக்கு முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிய ராஜபாய், பசுவின் தாடைக்கடியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி விழவில்லை.

செல்வதாஸின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, பசுவைத் தென்னையில் கட்டி இரட்டை முடிச்சுப் போட்டார்.