வேலியோரத்து லைலாக்

வன்னியில் போர் முடிந்த வருடம் அது. மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, பின்வளவில் வேலியோரமாக நின்ற லைலாக் மரத்தை என் கணவர் ஈர்வாளால் அறுத்துக்கொண்டிருந்தார். ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த மரம். வசந்தத்தில் ஊதாக் கொத்துகளாகப் பூத்தால் வாசம் நான் சமைக்கும் குசினி வரைக்கும் வரும். இப்போது முழங்கால் உயரத்தில் ஏழெட்டுக் கட்டைகள்தான் மிஞ்சியிருந்தன.

“உங்களுக்கென்ன விசரே? ஏன் இதை வெட்டினனீங்கள்?” என்று கத்தினேன்.

“பட்டுப்போச்சு. ஒரு இலையும் இல்லை.”

குளிர்காலத்தில் அது இலை உதிர்க்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வீட்டில் நாங்கள் ஐந்து குளிர்காலம் இருந்துவிட்டோம்.

அவருடைய தங்கை வன்னியில் இருந்தாள். யாருடைய போனிலோ கடைசியாகப் பேசியபோது, “பங்கருக்குள்ள இருக்கிறம் அண்ணா, பிறகு எடுக்கிறன்” என்றாள். பிறகு எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில்தான், இடம்பெயர்ந்தவர்களின் முகாமிலிருந்த உறவினர் ஒருவர் அவரிடம், அவளை அங்கே ஒருவரும் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. இரண்டு கிழமை கழித்தே என் கணவர் என்னிடம் சொன்னார். அந்த இரண்டு கிழமையும் ஒரு மரத்துக்காக நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

செடி விற்கும் நர்சரியில் வேலை செய்த பெண்ணிடம் கட்டைகளின் படத்தைக் காட்டினேன். “வேரில் உயிர் இருந்தால் துளிர்க்கும். ஆனால் அடுத்த வருடமே பூவைத் தேடாதே. புதுக்கொப்பு முற்றித்தான் பூக்கும். மூன்று வருடமும் ஆகலாம்” என்றாள். அவள் சொன்னபடி அடியில் எருப் போட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு தூவி, வைக்கோலால் மூடிவிட்டேன்.

வசந்தத்தில் கட்டைகளைச் சுற்றி ஈர்க்கு ஈர்க்காக நிறையத் தளிர்கள் வந்தன. பலமானவற்றை மட்டும் விட்டு மற்றதெல்லாம் அகற்ற வேண்டும். கத்தரிக்கோலோடு குந்தியிருந்தேன். கை வரவில்லை. அவர் பின்னால் வந்து நின்றார்.

“என்னட்டைத் தாரும், நான் வெட்டுறன்.”

“நீங்கள் வெட்டினது காணும், போதும்.”

அவர் உள்ளே போய்விட்டார். அந்த நான்கு சொற்களைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் இன்றைக்கும் எடுத்துவிடுவேன்.

அதன் பிறகு அந்த மரத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஆனால் கோடை வெயில் கொளுத்திய நாட்களில், வேலைக்குப் போகமுன் அவர் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் அடியில் ஊற்றுவதைக் குசினி யன்னலால் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதல் வருடம் இலை மட்டும். இரண்டாம் வருடமும் இலை மட்டும்தான். பட்டியல்களிலும் கடிதங்களிலும் தங்கையின் பெயரைத் தேடுவதை அவர் விடவில்லை.

2012 வசந்தத்தில் ஒரு நாள் காலை, “இஞ்ச ஓடியாரும்!” என்று பின்வளவிலிருந்து கூப்பிட்டார். நான்கு கொத்துகள். இரண்டு அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன.

“ஒண்டை எடுக்கட்டே?” என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவர் கொத்தை நறுக்கிக்கொண்டு உள்ளே போய், மேசை லாச்சியிலிருந்து தங்கையின் படத்தை எடுத்துச் சாமித்தட்டில் வைத்தார். அதுவரை அந்தப் படத்தை வெளியே வைக்க அவர் விட்டதில்லை. பூவைப் படத்தின் முன்னால் வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்தார்.

“அவள் இல்லை, என்ன?”

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். “ஓம், இல்லை” என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல மூன்று வருடமாக எனக்குப் பயமாயிருந்தது.

அவர் வாய்விட்டு அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். இருவரும் வேலைக்குப் போகவில்லை.