சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால், காப்பி பூக்கிற பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் குறுகலான ரோட்டில் காலையிலேயே பைக்கை விரட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மதியம் மூன்றரை மணிக்குச் சேலத்தில் எங்கள் ஃபுட்பால் டீமுக்குப் பெரிய ஆட்டம். மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டியவன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் கேப்டனின் அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார்.

டீம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், என்னை மாதிரி லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிறவர்கள், அவ்வளவுதான். எங்கள் மைதானம் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சரிவு. மேல்பக்கத்து கோலில் நிற்கிறவனுக்குக் கீழ்ப்பக்கத்து கோல் கீப்பரின் உச்சந்தலை தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பாதி உண்மைதான்.

மாவட்ட லீக்கில் கடைசி டிவிஷனில் சேர்ந்த முதல் வருடம் எங்களைப் பந்தாடினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பித் திரும்பி இறங்குவதற்குள் எங்கள் கோல் கீப்பர் வாந்தி எடுத்துவிடுவான். கீழே போனால் வெயில். அரை மணி நேரத்தில் ஆளாளுக்குக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். "ஐஸ் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்த டீமாப்பா?" என்று கரையில் நின்று சிரிப்பார்கள்.

பிறகு கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆட்டத்தன்று காலையிலேயே குப்பனூர் ரோடு வழியாக இறங்கி, அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கிடப்போம். உடம்பு வெயிலுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் சேலம் போவோம். அதற்கப்புறம் சரிவில் ஓடிப் பழகிய கால்கள் தம் வேலையைக் காட்டின. கடைசிக் கால் மணி நேரத்தில் எதிர் டீம் மூச்சு வாங்கும்போது நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம். நாலாவது டிவிஷனிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து இரண்டாவது என்று ஏறினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் டிவிஷன். மலையிலிருந்து அதுவரை யாரும் அங்கே போனதில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தூக்கம் போயிருந்தது.

எதிர் டீம் சேலத்துக்காரர்கள். கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிற பையன்கள் நிறைந்த டீம். ஒரு பாயின்ட் முன்னால் இருந்தார்கள், அதனால் டிரா ஆனாலே அவர்கள் மேலே போய்விடுவார்கள். அவர்களோடு அதற்கு முன்பு ஆடிய ஆட்டத்தில் அவர்களுடைய டிபெண்டர் ஒருவன் என் கெண்டைக்காலில் விட்ட உதையின் தடம் அப்போதும் மறையவில்லை. அவன் முகத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இறந்துபோன அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதானத்தை ஒட்டிய எஸ்டேட்டில் அவர் வாட்ச்மேன். ஆரம்பத்தில் எங்களைக் கம்போடு துரத்தியவர். "பூவுல பந்து பட்டா என் சீட்டக் கிழிச்சுருவாங்க சாமி" என்று புலம்புவார். பிறகு பந்து தோட்டத்துக்குள் போனால் அவரே செடி நோகாமல் உள்ளே நுழைந்து எடுத்து, "ஹோய்!" என்று ஒரு சத்தத்தோடு வீசுவார். கீழே ஒரு ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை. "மொத டிவிசன் போற ஆட்டத்துக்கு வாறேன். ஜீப்புல முன்சீட்டு எனக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஆட்டம்தான் இது.

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் எங்களை ஓரமாக அழைத்துப் போனான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீங்க போயி ஆடிட்டு வாங்கடா. அப்பனுக்கும் அதாண்டா புடிக்கும்."

கோல் கீப்பர் அவனுக்கு அத்தை மகன். அவனுக்கு வந்ததே கோபம். "மாமனத் தூக்காம பந்தத் தூக்கிட்டுப் போகச் சொல்றயா?"

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. டீமில் பாதிக்கு மேல் அதே லைன் வீடுகளைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் உறவு. அவர்கள் இல்லாமல் பதினொரு பேர் கிடையாது. பதினொரு பேர் இருந்தாலும் யாரும் போயிருக்க மாட்டோம். லீக் செயலாளருக்குப் போன் செய்து ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசி நேரத்தில் முடியாது என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

டவர் கிடைக்கிற திருப்பத்தில் நின்றபடியே எதிர் டீம் கேப்டனையும் அழைத்தேன். "ஏனுங்க, எங்க கேப்டனோட அப்பா தவறிட்டாருங்க. நாங்க வர முடியாது. நீங்க வாக் ஓவர் வாங்கிக்குங்க, வெயில்ல காத்திருக்க வேண்டாம்" என்றேன்.

"எத்தன மணிக்குங்க எடுக்கறீங்க?"

"நாலு மணிக்குங்க."

"எந்த ஊரு?"

சொன்னேன். முறைக்காகக் கேட்கிறார் என்று நினைத்துப் போனை வைத்தேன். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஜெர்சி போட்டுக்கொண்டு மைதானத்தில் போய் நிற்பதுதான். ரெஃப்ரி கால் மணி நேரம் பார்ப்பார், விசில் ஊதுவார், அவர்கள் முதல் டிவிஷன். நாங்கள் இத்தனை வருடம் ஏறிய ஏற்றம் அவ்வளவு சுலபமாக இன்னொருவர் கைக்குப் போகப்போகிறது. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு மேட்சை நினைக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும். காப்பி பூக்கிற சமயத்தில் பெய்கிற பூமழை சன்னமாகப் பிடித்துக்கொண்டது. பறைச் சத்தத்துக்கு நடுவே ரோட்டுப் பக்கம் ஆட்கள் வரிசையாக நடந்து வருவது தெரிந்தது. வேன் உள்ளே வராததால் இறங்கி நடந்து வருகிறார்கள். கிட்டே வந்த பிறகுதான் முகங்கள் தெரிந்தன. சேலத்து டீம். சப்ஸ்டிட்யூட் பையன்கள் உட்பட ஒருத்தர் பாக்கி இல்லை.

"செத்தது நெசமான்னு பாக்க வந்திருக்கானுங்களா?" என்று கோல் கீப்பர் பல்லைக் கடித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் அவர்கள் கேப்டன் கையில் வாழை இலையில் சுற்றிய மாலையைப் பார்த்தேன். சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாலை போட்டார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வெளியே வந்து எங்கள் கேப்டனின் கையைப் பிடித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள்.

நான் அவர்கள் கேப்டன் பக்கத்தில் போனேன். "ஏனுங்க, மேட்ச்?"

"அதான் இங்க வந்துட்டமுங்களே. மைதானத்துல யாருமே இல்லீன்னா யாருக்குங்க வாக் ஓவர் குடுப்பாங்க?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. இரண்டு டீமும் வராவிட்டால் கமிட்டி கூடும். மறு ஆட்டம் வைக்கலாம். அல்லது இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டு, மூன்றாவதாக இருக்கிற டீமை மேலே அனுப்பலாம். கையில் விழுந்த பழத்தை அவர்களே கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"பூஜ்யம் போட்டுட்டாங்கன்னா?"

அவர் பட்டறை வேலையில் கருத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டே, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார். "போட்டாப் போடட்டும் உடுங்க. சாவு ஊட்டுல கெடந்தத எடுத்துட்டுப் போயி நாங்க என்னுங்க பண்றது?"

நான் அவரைப் பந்தலுக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்தேன்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்துச் சுடுகாடு மேட்டில் இருக்கிறது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மழையில் சேறாகிக் கிடந்தது. அடிக்கடி தோள் மாற்ற ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் களைத்தபோது சேலத்துப் பையன்கள் கேட்காமலே தோள் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சரிவு பழக்கமில்லை, வழுக்கியது. "காலப் பக்கவாட்டுல ஊணுங்க" என்று எங்கள் ஆட்கள் சொல்லச் சொல்ல அப்படியே நடந்தார்கள். நான் பின்னால் தோள் கொடுத்தபோது எனக்கு முன்னால் பாடையின் அதே கட்டையைத் தாங்கிப் போனவன், என்னை உதைத்த அந்த டிபெண்டர். வழி நெடுக அவனுடைய சேறு படிந்த குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அவன் எங்கே கால் வைத்தானோ அங்கேயே நானும் வைத்தேன்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து பார்த்தால் வேன் இல்லை. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே. முறை தெரிந்தவர்கள், சத்தமில்லாமல் போய்விட்டார்கள். கேப்டனின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சேலத்துப் பசங்க நொம்ப தூரத்துல இருந்து வந்தாங்களே, ஒரு காப்பித்தண்ணியாவது குடிச்சாங்களா சாமி?" என்று கேட்டார்.

கமிட்டியில் முதலில் இரண்டு பேருக்கும் பூஜ்யம் என்றுதான் பேச்சாம். அவர்கள் கேப்டன் பட்டறைக்கு லீவு போட்டு அலைந்து, "நாங்க வேணும்னேதான் வரல. தண்டனைன்னா எங்களுக்கு மட்டும் குடுங்க" என்று நின்றிருக்கிறார். கடைசியில் மறு ஆட்டம் என்று முடிவானது. நன்றி சொல்லலாம் என்று அவரை அழைத்தேன். "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. காரியம் என்னைக்கு?" என்று பேச்சை வெட்டிவிட்டார். காரியம் முடிந்த பிறகுதான் ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு ஜீப்பில் யாரும் சொல்லாமலே முன்சீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம். கேப்டன் மொட்டைத் தலையோடு வந்தான். புளியமரத்தடியில் யாரும் படுக்கவில்லை.

முதல் பாதி ஆட்டமே இல்லை. பந்து என்னிடம் வந்தால் என் கால் ஓடவில்லை. உயிரைக் கொடுத்து உதைக்கிற அந்த டிபெண்டர் என்னைக் கண்டால் ஒதுங்கினான். கரையில், "என்னப்பா, மாமன் மச்சான் ஆட்டமா?" என்று கத்தினார்கள். ஒரு தடவை பந்து காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனது. பழக்கதோஷத்தில் "ஹோய்" சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வராது என்று அப்புறம்தான் உறைத்தது.

இடைவேளையில் கேப்டன் என்னிடம்தான் நேராக வந்தான்.

"ஏண்டா, கோலப் பாத்தும் அடிக்காம நிக்கற? எங்கப்பனத் தூக்குனவங்கடா அவங்க. அவங்க கிட்டயே ஏமாத்தி ஆடுவயா? ஆடறதுன்னா நெசமா ஆடு. இல்லீன்னா வெளிய உக்காரு."

அந்தப் பக்கம் அவர்கள் கேப்டனும் தன் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியதுமே டிபெண்டர் அதே கெண்டைக்காலில் ஒன்று விட்டான். வலியில் உயிர் போனது. ஆனால் மனசு லேசாகிவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். அவர்கள் முதலில் கோல் போட்டார்கள். நாங்கள் திருப்பினோம். டிரா ஆனாலே அவர்களுக்குப் போதும் என்பதால் சுவர் மாதிரி நின்றார்கள். முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். நான்தான் அடித்தேன். இந்தத் தடவை முழு மனசோடு அடித்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மொட்டைத் தலை எழும்பியது. பந்து வலைக்குள் இருந்தது.

விசில் ஊதியதும் நாங்கள் குதிக்கவில்லை. அவர்கள் ஆங்காங்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேப்டன் ஜெர்சியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர்கள் மலைக்கு வராமல் இருந்திருந்தால் இந்தத் தோல்வியே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் கேப்டனிடம் வந்தார். பின்னாலேயே அவர்கள் டீம் மொத்தமும் வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு ஊட்டுல சொல்லிக்காமப் போயிட்டமுங்க. இப்பச் சொல்லிக்கறம். போயிட்டு வர்றமுங்க."

அப்பாவைத் தூக்கிய அன்று அழாதவன் அந்த மைதானத்தில், அத்தனை பேர் முன்னால், அவர் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். நாங்களும் அழுதோம். எங்களுக்கு அந்த டீமிடம் சொல்ல வேண்டிய நன்றி அன்றைக்கும் வாயில் வரவில்லை.

முதல் டிவிஷனில் அடுத்த வருடமே நன்றாக அடி வாங்கினோம். எப்படியோ தொற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு வருடம் கழித்து அவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த டிபெண்டர் இன்னமும் உதைக்கிறான், நானும் திட்டுகிறேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும், எந்த டீமாக இருந்தாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்து, "போயிட்டு வர்றமுங்க" என்று சொல்லாமல் எங்களில் ஒருவரும் ஜீப் ஏறுவதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம், மழையில் வழுக்கிக்கொண்டே எனக்கு முன்னால் ஏறிப்போன அந்தச் சேற்றுக் குதிகால்தான் கண்ணில் வருகிறது.