கண்ணாடி போட்ட குளம்

காலை ஏழு மணிக்குப் பூங்காக் குளத்தின் கரையில் நின்று, மரவேலியின் மேல் பத்து விரல்களையும் ஓட்டிக்கொண்டிருப்பார் பியானோ டீச்சர். இடது கை தண்ணீரை வாசிக்கும். வலது கை அதன் மேல் விழும் வெயிலை. பூங்காக் காவலாளி முதல் நாள் மிரண்டுதான் போனார். இப்போதெல்லாம், "என்ன டீச்சர், இன்னிக்குக் குளம் என்ன சொல்லுது?" என்று விசாரிக்காமல் துடைப்பத்தைத் தொடுவதில்லை.

வயது ஐம்பத்திரண்டு. அவர் சொந்தமாக எழுதும் இசையில் பாட்டைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மூடுபனி, நாணல், மழைக்கு முன் இருட்டும் தண்ணீர், அவ்வளவுதான். 'சாம்பல், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்' என்று நோட்டில் குறித்துவந்து, வீட்டில் அதைப் பியானோ கட்டைகளில் தேடுவார். அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கினால் அது கணவர் பாடு.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். "ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுறேன். சொந்தப் பொண்டாட்டி பஸ் நம்பர் தெரியாம நிக்கறா. வெளிய சொன்னா வெக்கக்கேடு" என்று வருடக்கணக்கில் புலம்பி, போன வாரம் ஒருவழியாக மாட்டியும் விட்டார். மரம் இலை இலையாகத் தெரிந்தது. டீச்சருக்கு வாயெல்லாம் பல்.

வினையே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. அதில் கடைசியாக வாசிக்க, குளத்தைப் பற்றி எழுதிவரும் இசை பாதியில் நிற்கிறது. நான்கு நாளாக ஒரு வரி நகரவில்லை. நேற்று அழுகையே வந்துவிட்டது.

இன்று கணவரைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"பவர் சரியில்லையா? அந்தப் போர்டைப் படி, பாப்போம்."

"'மீன் பிடிக்கக் கூடாது.' கீழ இருக்கற பொடி எழுத்துகூடத் தெரியுது. எல்லாம் தெரியுதுங்க, அதான் தொல்லை. முன்னெல்லாம் வெயில் தண்ணிமேல உருண்டை உருண்டையா மிதக்கும். இப்போ வெறும் தண்ணியும் குப்பையுமா இருக்கு. இதை எங்கேர்ந்து வாசிக்கறது?"

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். விரல்கள் வேலியின் மேல் தயங்கின, தடவின, பிறகு ஓடத் தொடங்கின. நின்றுபோன இடத்தைத் தாண்டியும் ஓடின. டீச்சர் சிரித்துவிட்டார். "வந்துடுச்சுங்க. எழுதறப்போ மாட்டிக்கறேன். இங்க மட்டும் வேணாம்."

"இத்தனை வருஷ வியாபாரத்துல இப்படி ஒரு கேஸைப் பாத்ததில்ல" என்று முணுமுணுத்தார் கடைக்காரர். அப்படி என்னதான் இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். குளிக்கும்போது மட்டுமே இறங்கும் தம்முடைய தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். குளத்தின் பக்கம் திரும்பி, மனைவியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.