எனக்கு முன்னால் வந்து தங்கியவள்

பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாக இழுத்துப்போய், கடைசியில் எங்கள் லேபுக்குக் கூட்டி வரப்பட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஆறு இருக்கும், ஏழு இருக்கும். மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை கொடுங்கள், எந்தப் பேயும் இறங்கிவிடும் என்று அவர்கள் வீட்டு ஆட்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். பென்னாகரத்தில் பதினான்கு வருடமாக எனக்கு இதே வேலை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு, இவளுக்கே ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். எழுதியும் ஆயிற்று, எடுத்தும் ஆயிற்று, எல்லாம் நார்மல்.

என் கோபத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பாப்பாரப்பட்டிப் பக்கம் ரோட்டை ஒட்டி எங்கள் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தது. அப்பா போன பிறகு என் அண்ணன்கள் இரண்டு பேரும், கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு நிலம் எதற்கு, உன் பங்கை எங்களுக்கு விட்டுக் கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கொடு என்று ஆரம்பித்தார்கள். அப்பா படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும், லேப் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய் அவர் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினவள் நான். அப்போது நான் கட்டிக் கொடுத்த பெண் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. பங்கு வேண்டும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் சண்டை. அப்புறம் திடீரென்று அவர்களிடமிருந்து போனே வரவில்லை. ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ஒரு ஸ்வீட் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"உங்க பெரியண்ணன் குடுத்தனுப்பிச்சாரு. ரொம்ப சந்தோஷமா பேசினாரு. நீயும் நல்லபடியா நடந்துக்கிட்டயாமே. முன்னாடியே இப்படிப் பண்ணியிருந்தா ஆறு மாசம் மனஸ்தாபம் வந்திருக்குமா?"

"நான் என்ன பண்ணேன்?"

"கையெழுத்துப் போட்டுட்டயாம். எங்கிட்டச் சொல்லவே இல்ல."

நான் போடவில்லை என்றேன். அவர் சிரித்தார். சரி விடு, நல்லதுதானே என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் போட மாட்டேன் என்று ஆறு மாதம் கத்தினதை நம்பாத மனுஷன், போட்டுவிட்டேன் என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை உடனே நம்பிவிட்டார். ஸ்வீட் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, கைப்பையில் ஆதார் கார்டையும் ஒரு மாற்றுப் புடவையையும் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மா வீடு என்று போக எனக்கு இடம் இல்லை, அங்கேதான் அண்ணன்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ் புறப்பட நின்றது. ஏறிவிட்டேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் ஒகேனக்கல்லில் ரூம் போட மாட்டோம். குளிப்போம், மீன் சாப்பிடுவோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம். ரூம் போடுவதெல்லாம் பெங்களூர்க்காரர்கள் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் ஒரு சின்ன லாட்ஜ், மாடியும் கீழுமாகப் பத்து ரூம். அங்கேயிருந்து எல்லாமே நடை தூரம்தான். இரண்டு நிமிடம் நடந்தால் டீக்கடை, நாலு நிமிடத்தில் மீன் கடைகள், பத்து நிமிடத்தில் பரிசல் துறை. அந்த ஒரே தெருவில்தான் எல்லாரும் போகவேண்டும், வரவேண்டும். ஒரு நாள் தங்கினால் தெருவே நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளும். இதை நான் சும்மா சொல்லவில்லை.

தனியாக வந்த பொம்பளைக்கு ரூம் இல்லை என்பார்கள், புருஷன் பேரைக் கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸிலேயே சண்டையைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். கவுண்டரில் இருந்த மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஏழாம் நம்பர் சாவியை எடுத்து நீட்டினார்.

"என்னங்க்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா? ரூம் இன்னும் கூட்டல, நீங்க வெச்சது வெச்சபடி இருக்குது. இன்னொரு நாள் இருந்துட்டுப் போங்க."

"நான் இப்பத்தாங்க வர்றேன்."

"வெளையாடாதீங்க்கா. புதங்கிழம சாயங்காலம் வந்தீங்க, மூணு நாளா பாக்கறேன்."

அவர் விளையாடவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். புதன்கிழமை தேதிக்கு நேரே சுமதி என்று என் பெயர், பென்னாகரம் விலாசம், கையெழுத்து. நான் 'சு' போடும்போது சுழியை இழுத்து அடுத்த எழுத்தைத் தொடுவேன். லேபில் எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள். அதே இழுப்பு. பக்கத்தில் என் ஆதார் ஜெராக்ஸ் செருகியிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, நம்பினால் நம்புங்கள், கோபம்தான் வந்தது. அண்ணன்கள் எவளையோ பிடித்து என் பெயரில் ஆள்மாறாட்டம் செய்துவிட்டார்கள், அவள் பத்திர ஆபீஸில் கையெழுத்தும் போட்டுவிட்டு இங்கே வந்து ஜாலியாக இருந்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் புரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

ரூமில் ஆள் இல்லை. கட்டிலில் ஒருத்தி படுத்து எழுந்த சுருக்கம். குளியலறைக் கொடியில் ஒரு ஈர ரவிக்கை சொட்டிக்கொண்டிருந்தது. அரக்கு நிறம். நான் அப்போது உடுத்தியிருந்ததும் அரக்கு ரவிக்கைதான். என்னுடையதில் இடது அக்குளில் தையல் விட்டு, வீட்டில் அரக்கு நூல் இல்லாமல் கறுப்பு நூலில் நானே தைத்திருந்தேன், கோணல் மாணலாக ஒன்பது தையல். கொடியில் தொங்கியதைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு நூல். கோணலும் அதே கோணல். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. தினமும் ஊர் ரத்தத்தையும் சளியையும் தொட்டு வேலை செய்கிறவள் நான், அந்த ரவிக்கையிலிருந்து கையை எடுத்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

கீழே இறங்கித் தெருவில் நடந்தேன். டீக்கடைக்காரர், "சக்கர கம்மியாத் தானுங்க்கா?" என்றார். எண்ணெய் மசாஜ் பண்ணும் ஒரு அம்மா, தலைவலி போய்விட்டதா என்று விசாரித்தாள். யாரைப் பார்த்தாலும் என்னைத் தெரிந்தவர்கள் மாதிரி சிரிக்கிறார்கள். எனக்கு ஒருத்தரையும் தெரியாது. மீன் வறுக்கிற கடைகளில் கடைசிக் கடை கெம்பம்மா என்று ஒரு கன்னடக்கார அம்மாவுடையது, பெயர் பிறகுதான் தெரியும். அவள் கரண்டியோடு எழுந்து வந்து, வாங்க என்பதைக் கன்னடத்தில் சொன்னாள்.

"பன்னி அக்கா. என்னா, காலையில அவ்ளோ சிரிச்சிக்கினு இருந்தீங்க, இப்ப மூஞ்சி இப்படி இருக்குது?"

"காலையில நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அண்ணன்மாருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், தலையில இருந்து கல்லு எறங்கின மாதிரி இருக்குது கெம்பம்மான்னு சொல்லலையா? நாலு துண்டு வாளை சாப்பிட்டீங்களே."

"நான் போடல" என்று கத்தினேன். மீன் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நான் எவனுக்கும் கையெழுத்துப் போடல. அவ எங்க?"

கெம்பம்மாவின் முகம் மாறிவிட்டது. என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "இப்பத்தான் பரிசலுக்குப் போறேன்னு இந்தப் பக்கமாப் போனீங்க. அப்போ போனது யாருக்கா?"

ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே போய்விட்டது. மதியம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில், துறையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். இருட்டில் பார்த்தேன், அரைத் தூக்கத்தில் பார்த்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன். ஒரு பரிசல் அப்போதுதான் கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பரிசல்காரர், ஒரு புருஷன் பெண்டாட்டி, அவர்களுடைய பெண்கள் இரண்டு பேர், அவர்களோடு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. என் கொண்டை. என் தோள். வலது தோள் சற்று இறங்கியிருக்கும் எனக்கு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து வந்தது. அவளுக்கும் இறங்கியிருந்தது.

சுமதி, சுமதி என்று என் பெயரையே நான் அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன். பரிசலில் இருந்த மற்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

பரிசலில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், நடு ஆற்றில் பரிசல்காரர்கள் வேடிக்கைக்காகத் தட்டாமாலை சுற்றுவது மாதிரி பரிசலைச் சுழற்றுவார்கள். அன்றைக்கும் சுழற்றினார். அந்தப் புருஷன் முகம் என் பக்கம் வந்தது, போனது. பெண்டாட்டி முகம் வந்தது, போனது. இரண்டு பெண்களும் கூச்சலிட்டுக்கொண்டே வந்தார்கள், போனார்கள். நாலைந்து சுற்று சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பரிசல் சுற்றுகிறது, அவள் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பி உட்காரவும் இல்லை, ஆனாலும் முதுகு மட்டும் என் பக்கமே நின்றது. அப்படியே அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

முக்கால் மணி நேரம் துறையிலேயே நின்றேன். வந்தால் முதலில் அறைவது, அப்புறம்தான் பேச்சு என்று நின்றேன். பரிசல் திரும்பி வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண்கள்.

"இன்னொரு பொம்பள எங்கண்ணா?"

பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு பேரத் தாம்மா ஏத்துனேன்." அந்தக் குடும்பத்தைக் கேட்டேன். தங்களோடு யாரும் வரவில்லை என்றார்கள். அந்தச் சின்னப் பெண் மட்டும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டது.

கடைசி பஸ் இருந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஏழாம் நம்பர் ரூமிலேயே நாற்காலியைக் கதவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சாமான் எடுக்கவாவது வருவாள் அல்லவா. வரவில்லை. குளியலறையில் அந்த ரவிக்கை மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு ரவிக்கையில் எவ்வளவு தண்ணீர்தான் இருக்கும், விடிகிறவரை சொட்டியது. அதைத் தொடாமலே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஒரு வக்கீலை வைத்துப் பத்திர நகல் எடுத்துப் பார்த்தோம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவாகியிருந்தது. கையெழுத்து என்னுடையது. அங்கேயே எடுத்த போட்டோ, நான்தான், வேறொருத்தி என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பின்னால் புகார் கொடுத்து, கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க வைத்தேன். என் ரேகைதான் என்று சொல்லிவிட்டார்கள். அதே புதன்கிழமை அதே பதினொரு மணிக்கு நான் லேபில் ஊசியோடு உட்கார்ந்து வரிசையில் வந்தவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். லேப் பதிவேடு முழுக்க என் எழுத்து. பதிவேட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கூட வேலை செய்கிறவர்கள் உங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்கிறார் வக்கீல். போட்டுவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்கிறது ஊர். என் வீட்டுக்காரரோ, "லேபுக்குப் போறேன்னு வூட்ல இருந்து கெளம்பின, அதுக்கு மேல எங்க போனேன்னு எனக்கென்ன தெரியும்" என்கிறார். பேயோ பிசாசோ எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், என் அப்பா நிலத்தை எழுதிக் கொடுக்க அவள் யார்? இந்தக் கேள்வியை எந்த ஆபீஸில் போய்க் கேட்பது?

அண்ணன்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். அவர்கள் எதிர்த்துப் பேசவே இல்லை. ஏமாற்றினவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது அப்படி இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அண்ணன்கள் உள்ளே போனதும் பெரிய அண்ணி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அப்பாவுக்கு நான் மருந்து கட்டும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"நீ சொன்னபடியேதான் நடக்குது சுமதி" என்றாள். "அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து நீயே சொன்னயே. ரெண்டு மூணு நாள்ல அவ வந்து கத்துவா அண்ணி, அவ மேல கோவிச்சுக்காதீங்க, பாவம்னு. எவ அதுன்னு கேட்டேன். என் கூடவே இருக்கறவதான்னு சொன்னே."